பள்ளிக்கூடத்தில் சேரக் குலுக்கல்!

அமெரிக்காவில் ஒரு மண்டபம். தாய்மார்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து இருக்கிறார்கள். மேடையில் ஒரு கூண்டு சுற்றுகிறது. அதற்குள் நம்பர் போட்ட பந்துகள். ஒரு பந்து உருண்டு வருகிறது. நம்பரைப் படிக்கிறார்கள். ஒரு தாய் துள்ளி எழுந்து பிள்ளையை முத்தமிடுகிறாள். பக்கத்தில் இருப்பவளின் முகம் வாடுகிறது.

இது பரிசுச் சீட்டு அல்ல. பள்ளிக்கூடத்தில் இடம்!

2010-ம் ஆண்டில் வந்த ஒரு படம் இந்தக் காட்சியை ஊருக்கெல்லாம் காட்டியது. இப்போது பல இடங்களில் கம்ப்யூட்டரே குலுக்கிவிடுகிறது. ஆனால் தாயின் நெஞ்சு அடித்துக்கொள்வது மாறவில்லை.

சாசனம்

இந்தப் பள்ளிக்கு "சார்ட்டர் பள்ளி" என்று பெயர். சார்ட்டர் என்றால் சாசனம். அதாவது ஒப்பந்தம்.

பணம் சர்க்கார் பணம். பிள்ளைகளிடம் சம்பளம் வாங்கக் கூடாது. ஆனால் பள்ளியை நடத்துவது ஒரு தனிக் குழு. "இத்தனை ஆண்டுகளில் பிள்ளைகளை இந்த அளவுக்குப் படிக்க வைப்போம்" என்று அந்தக் குழு எழுதிக் கொடுக்கிறது. பல மாநிலங்களில் 5 ஆண்டு கெடு. கையெழுத்துப் போட்டு அனுமதி தருவது கல்வி போர்டாக இருக்கலாம்; சில இடங்களில் பல்கலைக்கழகமாகவும் இருக்கலாம்.

பிள்ளை எங்கே போகிறதோ, பணமும் அங்கே போகும். பாட நேரம், பாட முறை, ஆசிரியர் நியமனம் ஆகியவற்றில் குழுவுக்குச் சுதந்திரம் உண்டு. சொன்னதைச் செய்யாவிட்டால்? பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு!

இந்த யோசனையை 1988-ல் பிரபலமாக்கியவர் ஆல்பர்ட் ஷாங்கர். அவர் ஆசிரியர் சங்கத் தலைவர்! (பின்னால் அவரே இதைக் கண்டித்தார் என்பது வேறு கதை.) மின்னசோட்டா மாநிலம் 1991-ல் சட்டம் செய்தது. மறு ஆண்டில் செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளுக்காகத் திறந்தது. 2021-ல் நாடு முழுவதும் சுமார் 37 லட்சம் பிள்ளைகள் இத்தகைய பள்ளிகளில் படித்தார்கள்.

படிப்பு எப்படி? ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2009-ல் ஆராய்ந்தபோது, கணக்கில் நூற்றுக்கு 17 பள்ளிகளே பக்கத்துப் பள்ளிகளைவிட மேலாக இருந்தன. 37 பள்ளிகள் மோசம். 2023-ல் நிலைமை தேறியிருந்தது. சார்ட்டர் பள்ளிப் பிள்ளைகள் வாசிப்பில் ஆண்டுக்கு 16 நாள் பாடம், கணக்கில் 6 நாள் பாடம் முன்னே நின்றார்கள். ஆனால் வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் படித்தவர்கள் வெகுவாகப் பின்தங்கிவிட்டார்கள்.

நடு ஆண்டில் பூட்டு

அப்படிப்பட்ட ஒரு கம்ப்யூட்டர் பள்ளி ஒஹாயோ மாநிலத்தில் இருந்தது. "நீங்கள் பணம் வாங்கிய அத்தனை பிள்ளைகளும் படித்ததற்கு ஆதாரம் எங்கே?" என்று மாநில அரசாங்கம் கேட்டது. சுமார் 8 கோடி டாலரைத் திருப்பித் தரும்படி சொன்னது. பள்ளி கோர்ட்டுக்குப் போனது. வெற்றி இல்லை. 2018 ஜனவரியில், படிப்பாண்டின் நடுவில், அது மூடப்பட்டது. சுமார் 12,000 பிள்ளைகள் வேறு பள்ளி தேடி அலைந்தார்கள்!

கடையை மூடினால் அடுத்த கடைக்குப் போகலாம். பள்ளிக்கூடம் அப்படியா? ஒரு பிள்ளைக்கு மூன்றாம் வகுப்பு ஒரு தடவைதான் வரும்.

கெட்ட பள்ளியை மூடுவது தவறு அல்ல. மூடாமல் விடுவதுதான் பெரிய தவறு. ஆனால் கையெழுத்துப் போட்டவர்கள் அதுவரை என்ன செய்தார்கள்? 5 ஆண்டு தூங்கிவிட்டு, கெடு முடியும்போது கண் விழித்தால் போதுமா? பல மாநிலங்களில், மேற்பார்வை செய்பவர்களுக்கு அந்தப் பள்ளிக்கு வரும் பணத்தில் இருந்தே ஒரு பங்கு போகிறது. படி அளப்பவனை யார் அதட்டுவார்கள்? மேற்பார்வைச் செலவை சர்க்கார் தனியாகக் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்குப் பார்க்க வேண்டும். பூட்டுப் போடும் முன்பே, பிள்ளைகள் எங்கே போய்ப் படிப்பார்கள் என்று எழுதி வைக்க வேண்டும்.

நம்பர் வராத பிள்ளை

குலுக்கலில் நம்பர் வராத பிள்ளை பழைய பள்ளிக்கே போகிறது. அங்கே 30 பேர் வகுப்பில் 5 பேர் போய்விட்டார்கள். 5 பேரின் பணமும் போய்விட்டது. ஆனால் ஆசிரியை ஒருவர் வேண்டும். குளிர்காலத்தில் அறையைச் சூடாக்க வேண்டும். செலவு எங்கே குறைகிறது?

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2016-ல் இது ஓட்டுக்கு வந்தது. "ஆண்டுக்கு 12 சார்ட்டர் பள்ளிகள் வரை கூடுதலாக அனுமதிக்கலாமா?" என்று கேட்டார்கள். அந்த மாநிலத்தின் பாஸ்டன் நகரில் இந்தப் பள்ளிகள் நல்ல பெயர் எடுத்தவை. இருந்தும், "வேண்டாம்" என்ற ஓட்டுகளே மிக அதிகம். தங்கள் ஊர்ப் பள்ளியின் பணம் போய்விடுமே என்ற பயம் பலருக்கு. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

பாஸ்டனில் இடத்துக்காகக் காத்திருந்த தாய்மார்களுக்கு மறு ஆண்டும் குலுக்கல்தான்.