அப்பாவின் 15 கிழமை

ஒஸ்லோவில் பேரப்பிள்ளை தள்ளுவண்டிலுக்குள், வாசலிலே, பனிக்காலத்துப் பகலில் நல்ல நித்திரை. மானிப்பாயில் இருந்து வைபரில் பார்க்கும் அம்மம்மாவுக்கு நெஞ்சு பதறுகிறது. "உனக்கென்ன விசரே? பச்சப்பிள்ளையைப் பனிக்கை விட்டிட்டு உள்ளுக்கை இருந்து தேத்தண்ணி குடிக்கிறாய்!" கம்பளி உள்ளுடுப்பு, அதற்கு மேல் இன்னொரு கம்பளி, பின்கழுத்தில் விரல் வைத்துச் சூடு பார்ப்பது என்று மகள் எவ்வளவு விளக்கினாலும் அவர் நம்பப்போவதில்லை.

குருநகர் அன்ரனி இராஜேந்திரம் 1956இல் நோர்வேக்குப் போனார். அவருக்குப் பின்னால் போன யாழ்ப்பாணத்தார் பலரின் வீடுகளில் இந்தச் சண்டை புதிதல்ல. நடக்கட்டும்.

கவனிக்க வேண்டியது, போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மருமகனை. வேலைநாள், தோளில் பால் துடைக்கும் துணி. தந்தைக்கென்றே 4 கிழமை விடுப்பை 1993இல் ஒதுக்கியது நோர்வே. முழுச் சம்பளத்தோடு எடுத்தால் இன்று அது 15 கிழமை. அவர் எடுக்காவிட்டால் வழமையில் அது தாய்க்கு மாறாது, கைவிட்டுப் போய்விடும். சூட்சுமம் அந்த விதியில்தான் இருக்கிறது: "வேலை கூடிப்போச்சு" என்ற சாட்டு அங்கே செல்லாது.

இலங்கையில் அரச ஊழியரான தந்தைக்கு 3 நாள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடித்திரியவே அது சரி. பிறகு சரக்கு அரைப்பதும், பிள்ளையைக் குளிப்பாட்டுவதும், இரவில் தூக்கித் திரிவதும் அதே அம்மம்மாதான்; சம்பளமும் இல்லை, லீவும் இல்லை.

நோர்வேயின் எண்ணெய்ப் பணம் நம்மிடம் இல்லை. 15 கிழமை கேட்க வேண்டாம். அவர்கள் தொடங்கிய அந்த 4 கிழமையையாவது, அடுத்த தேர்தலில் படலையடிக்கு வாக்குக் கேட்டு வருபவர்களிடம் கேளுங்கள்.