வழிநடை உரிமை

இங்கிலாந்துக்குச் சென்று திரும்பும் நம்மவர் எழுதும் பயணக் கட்டுரைகள் சங்க மலர்களுக்குப் புதியவை அல்ல. மக்களும் மருமக்களும் அங்கே பணிபுரிவதால் கோடைதோறும் கடல் கடக்கும் பெற்றோர் இன்று பலர். அவர்கள் கண்டு வியப்பதும் பெரும்பாலும் ஒன்றே: பசும்புல் போர்த்திய குன்றுகள், கல்லடுக்கிய சுவர்கள், ஏரிக்கரைச் சிற்றூர்கள், பூந்தோட்டம் சூழ்ந்த பிரபுக்களின் மாளிகைகள். வியப்பதில் குற்றமில்லை. அழகு எங்கிருப்பினும் போற்றுதற்குரியதே. ஆயின், அவ்வியப்பின் முடிவில் தவறாது வந்து நிற்கும் ஒரு கூற்றை நாம் மறுத்தே ஆகவேண்டும். "வெள்ளையன் பழமையைப் பேணத் தெரிந்தவன்; நமக்கோ அக்குணம் பிறவியிலேயே இல்லை" என்பதே அக்கூற்று.

இதனினும் வரலாற்றுக்கு முரணான சொல் வேறில்லை. ஆங்கில நாட்டுப்புறத்தில் இன்று எவரும் காலார உலவலாம் எனில், அந்த உரிமை பிறவிக் குணத்தால் வந்ததன்று. பிரபுக்களின் பெருந்தன்மையால் வந்ததுமன்று. பறிகொடுத்த எளிய மக்கள் போராடி மீட்ட உரிமை அது.

நம் ஊர்களில் மந்தைவெளி என்றும் மேய்ச்சற் புறம்போக்கு என்றும் வழங்கும் பொதுநிலம் அங்கும் இருந்தது. ஏழைக் குடியானவன் அதில் ஆடுமாடு மேய்த்தான், விறகு பொறுக்கினான். 1604 முதல் 1914 வரை பிரிட்டிஷ் பாராளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை இயற்றியது. அவற்றுக்குள் அடங்கிய நிலம் ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கினும் சற்று மிகுதி. இன்று நாம் ஆர்வத்தோடு படம் பிடித்து வரும் நேர்கோட்டு வேலிகளிலும் கற்சுவர்களிலும் பல, அக்காலத்தில் ஏழையை வெளியே நிறுத்த எழுந்தவையே.

தொழிற்புரட்சிக்குப் பின் மான்செஸ்டர், ஷெஃபீல்டு போன்ற நகரங்களின் ஆலைப்புகையில் ஆறு நாள் உழைத்தவர்கள் ஞாயிறன்று தூய காற்றைத் தேடினர். அருகிலேயே பீக் மலைப்பகுதி இருந்தது. ஆனால், அதன் மேட்டுநிலம் பிரபுக்கள் பறவை வேட்டையாடும் காடாகக் காவலிடப்பட்டிருந்தது. 1932 ஏப்ரல் 24ஆம் நாள், பென்னி ராத்மன் என்னும் இருபது வயது இளைஞர் முன்னிற்க, நூற்றுக்கணக்கான தொழிலாளர் தடையை மீறிக் கிண்டர் ஸ்கௌட் குன்றின்மேல் ஏறினர். அவர்களுள் ஐவர்க்குக் கிடைத்தது இரண்டு முதல் ஆறு மாதச் சிறை. அச்சிறைத் தண்டனை நாடெங்கும் எழுப்பிய பரிவு வழிநடை இயக்கத்துக்கு வலுவூட்டிற்று. 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் பிறந்தது. 1951இல் அதே பீக் மலைப்பகுதி முதல் தேசியப் பூங்காவாயிற்று. 2000ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த மேட்டுநிலங்களில் உலவும் உரிமையை அளித்தது. 2002இல், எழுபது ஆண்டுகள் கழித்து, டெவன்ஷயர் கோமகன் தம் முன்னோர் செயலுக்குப் பலர் முன்னிலையில் வருத்தம் தெரிவித்தார்.

போராட்டம் அத்துடன் முடிந்துவிட்டதா? இல்லை. டார்ட்மூர் மேட்டுநிலத்தில் கூடாரமிட்டு இரவைக் கழிக்கும் மரபு சட்டப்படி உரிமையாகாது என்று 2023 ஜனவரியில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்கள் ஆயிரக்கணக்கில் அம்மேட்டில் திரண்டனர்; வழக்கு மேன்முறையீடு சென்றது; 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் மக்கள் பக்கமே தீர்ப்புரைத்தது. விழித்திருந்ததால் தப்பிய உரிமை இது.

இனி மாளிகைகளைக் காண்போம். அவற்றுள் சிலவற்றின் அடித்தளத்தில் நம் மண்ணின் செல்வமும் உண்டு. 1698 முதல் 1709 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராயிருந்த தாமஸ் பிட், இந்தியாவில் வாங்கிய பெருவைரத்தை 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு விற்று, கார்ன்வாலில் பொகானக் பண்ணையை வாங்கினார். ஆர்க்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்துப் பெருஞ்செல்வரான பால் பென்ஃபீல்டு, ஹார்ட்ஃபர்டுஷயரில் உட்ஹால் பூங்காவை உடைமையாக்கிக் கொண்டார். நவாபின் கடன்களுக்கு ஈடாக எழுதி வைக்கப்பட்டவை கர்நாடகச் சீமையின் நிலவரிகள். அவ்வரியைச் செலுத்தியவன் தமிழ்நாட்டு உழவன். இக்கொடுமையை 1785இலேயே எட்மண்ட் பர்க் பாராளுமன்றத்தில் எடுத்துரைத்தார். 2020இல் நேஷனல் டிரஸ்ட் அமைப்பே, தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்குக் காலனியாட்சியோடோ அடிமை வணிகத்தோடோ தொடர்புண்டு என்று அறிக்கை வெளியிட்டது. அதற்கு அந்நாட்டிலேயே கடும் எதிர்ப்பு எழுந்தது. இச்செய்திகளுள் ஒன்றேனும் நம்மவர் பயணக் கட்டுரைகளில் இடம் பெறுவதுண்டா?

அப்படியாயின், எல்லாம் கொள்ளைப் பொருளே, கண்ணெடுத்தும் பாரோம் என்பாரும் நம்மிடையே உளர். அவர்தம் சினம் நியாயமானதே, முடிவு நியாயமானதன்று. கொள்ளையிட்டவனையும் அவன் வேலிக்கு வெளியே நின்ற கூலியாளையும் ஒரே பெயரால் ஏசுவது அறியாமை. அம்மாளிகையை எழுப்பியவன் வேறு. அதன் பக்கத்து ஒற்றையடிப் பாதைக்காகச் சிறை சென்றவன் வேறு. முன்னவனை வணங்குவதற்காகவோ வைவதற்காகவோ பின்னவனை மறப்பது இரு சாராரும் செய்யும் ஒரே பிழை.

நமக்கு அக்குணம் பிறவியிலேயே இல்லை என்பதற்கும் விடை உண்டு. மதுரையை அடுத்த அரிட்டாபட்டிக் குன்றுகளில் தமிழி எழுத்தும் சமணர் படுகையும் பாண்டியர் குடைவரையும் உள்ளன. 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அப்பகுதியை உள்ளடக்கி 2024இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் விடப்பட்டபோது எழுந்து நின்றவர் யார்? சுற்றுவட்டாரத்து உழவரும் பெண்டிருமே. 2025 ஜனவரியில் அவ்வேலம் நீக்கப்பட்டது. கிண்டர் குன்றில் ஏறியவர்க்கும் இவர்க்கும் மொழி வேறு, நிறம் வேறு, குணம் ஒன்றே.

இங்கிலாந்தின் சில ஊர்களில் எல்லை நடத்தல் என்னும் மரபு இன்றும் உண்டு. ஊரார் கூடிச் சிறுவர்களையும் உடனழைத்து ஊரெல்லை நெடுக நடந்து, எல்லைக் கற்களைக் கோலால் தட்டிச் செல்வர். நிலப்படம் இல்லாத காலத்தில், எது நமது என்பது அடுத்த தலைமுறையின் நினைவில் நிற்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. அந்நாட்டுச் சட்டமும் அதையொட்டியே பேசுகிறது. உரிமையோடும் தடையின்றியும் மக்கள் 20 ஆண்டுகள் நடந்த தடம், நிலவுடைமையாளர் மறுத்ததற்குச் சான்று இல்லையேல், பொதுவழியாகவே கருதப்படும் என்கிறது 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம். நடப்பவர் உள்ளவரை வழி உண்டு.

தாய்நிலம் விட்டு வந்து வேற்றுமொழியார் நடுவே வாழும் நமக்கு இதனினும் உகந்த பாடம் வேறென்ன வேண்டும்? ஆகவே, ஆங்கில நாட்டுக்குச் செல்வோர் செல்க, குன்றேறுக, மாளிகையையும் காண்க. ஆனால், பேரப்பிள்ளையின் கைபிடித்து அப்பாதையில் நடக்கும்போது, இது யார் தந்த கொடை என்று சொல்லாது, யார் பெற்ற உரிமை என்று சொல்லுக. அடுத்த மலருக்குக் கட்டுரை எழுதும் அன்பர்கள் கோமகன் பெயர் எழுதும் இடத்தில் பென்னி ராத்மன் பெயரையும் எழுதுக. அரிட்டாபட்டியையும் அதே மூச்சில் சொல்லுக.