பாட்டைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்

பழவேற்காட்டைச் சுற்றியுள்ள குப்பங்களில் எந்த விழா மேடையானாலும் இப்போது ஒரே ஏற்பாடுதான். ஒரு கைப்பேசி, ஆள் உயர ஸ்பீக்கர், இணையத்திலிருந்து இறக்கிய ‘டிராக்’. சினிமாப் பாட்டில் பாடகரின் குரலை மட்டும் எடுத்துவிட்டு வாத்தியங்களை அப்படியே வைத்திருப்பார்கள். அந்தக் குரல் இருந்த இடத்தை நம்மூர் ஆள் மைக்கைப் பிடித்து நிரப்ப வேண்டும். அம்மனுக்குக் கூழ் வார்த்தாலும் இதுதான், மாதா திருவிழா என்றாலும் இதுதான், பள்ளி ஆண்டு விழா என்றாலும் இதுதான். செலவு குறைவு, தகராறு இல்லை என்கிறார்கள். டிராக் இருந்துவிட்டுப் போகட்டும். பாடப் போகிறவரின் குரல் என்ன என்று ஒரு வார்த்தை கேட்காமல் அதை ஓட விடுகிறார்களே, அதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கட்டைக் கணக்கு நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். பேரப்பிள்ளைகளுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். ஆர்மோனியத்தில் ‘ஸ’ வைக்கும் முதல் வெள்ளைக் கட்டை ஒரு கட்டை, அடுத்த வெள்ளை இரண்டு, நடுவில் இருக்கும் கறுப்பு ஒன்றரை. கச்சேரி பாடும் ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டிப் பாடுவார்கள். பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. அதாவது ஆண் ‘ஸ’ என்று நிற்கும் இடத்திலிருந்து கிட்டத்தட்ட ‘ப’ வரை ஏறினால்தான் பெண்ணின் ‘ஸ’ வரும். ஆணுக்கு அமைத்த டிராக்கில் ஒரு பெண் கீழேயே பாடினால் கிணற்றுக்குள் பேசுவது போல் கேட்கும். ஒரு ஸ்தாயி மேலே எடுத்தால் பல்லவி சமாளிக்கும், சரணத்தில் தொண்டை கிழியும். இதில் அவள் திறமைக் குறைவு எங்கே வந்தது?

சில வருடங்களுக்கு முன் ஒரு குப்பத்துத் திருவிழாவில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஊர் பேர் வேண்டாம். மீன் கூடை தூக்கும் அம்மாள், ஐம்பது வயதிருக்கும். தெருவில் தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ‘படகோட்டி’ பாட்டு ஒன்றைப் பாட ஆசைப்பட்டு மேடை ஏறினாள். ஓடியது டி.எம்.எஸ். குரலுக்கான டிராக். இரண்டாவது வரியில் தடுமாறினாள். “அக்கா, டிராக்கோட போங்க!” என்று கீழேயிருந்து ஒருவன் கத்தினான். பையன்கள் சிரித்தார்கள். பாதியில் மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனவள் அதற்குப் பிறகு மேடைப் பக்கமே வரவில்லை. ஸ்பீக்கர் வைத்திருந்த பையனிடம் கேட்டேன், “தம்பி, அவங்களுக்கு ஏத்த மாதிரி சுருதியை மாத்திப் போட்டிருக்கக் கூடாதா?” “சார், ஒரிஜினல் கெட்டுப் போயிடும்” என்றான்.

இந்த ஒரிஜினல் என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

1964-இல் வந்த ‘படகோட்டி’யின் பாட்டுகளுக்கு விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் இசையமைத்தார்கள். எம்.ஜி.ஆருக்காக டி.எம்.எஸ். பாடினார். அவர் தொண்டை எங்கே கம்பீரமாக நிற்கும் என்று பார்த்துத்தான் சுருதி வைத்திருப்பார்கள். அது அவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அதை நம் அக்காவுக்கு மாட்டிவிட்டு, உடம்பு சரியில்லை என்று சொன்னால் எப்படி? 1977-இல் வந்த ‘கவிக்குயில்’ படத்தில் ரீதிகௌளை ராகத்தில் ஒரு பாட்டு உண்டு. அதைப் பாலமுரளிகிருஷ்ணாவும் பாடினார், எஸ். ஜானகியும் பாடினார். இளையராஜா இருவரையும் ஒரே அச்சில் வார்க்கவில்லை, தனித்தனியாகப் பதிவு செய்தார். ஒரிஜினலை உண்டாக்கியவர்களுக்கே குரலுக்குத் தக்கபடி மாற்றுவது தினசரி வேலை. ஜோடிப் பாட்டு என்றால் இன்னும் தொல்லை. ஆணுக்குச் சரியாக வைத்தால் பெண்ணுக்குக் கீழே இடிக்கும், பெண்ணுக்குச் சரியாக வைத்தால் ஆண் முக்குவார். அதனால் இருவருக்கும் நடுவில் ஓர் இடம் பார்ப்பார்கள். சில பாட்டுகளில் இடையிசை ஓடும்போதே சுருதியை நகர்த்திவிடுவதும் உண்டு.

கச்சேரி மேடையில் வாத்தியக்காரர்களும் பாடகருக்குத்தான் இறங்கி வருவார்கள். வயலின் தந்தியைப் பாடகரின் சுருதிக்குச் சேர்ப்பார்கள். மிருதங்கத்தை அந்த அளவுக்கு ஏற்றி இறக்க முடியாது. அதனால் ஆண் பாட்டுக்கு நீளமான தக்கு சுருதி மிருதங்கம், பெண் பாட்டுக்குக் குட்டையான ஹெச்சு சுருதி மிருதங்கம் என்று வித்வான் வீட்டில் இரண்டு மூன்று வைத்திருப்பார். புல்லாங்குழல்காரர் பையைத் திறந்தால் கட்டைக்கு ஒரு குழல் இருக்கும். “என் மிருதங்கம் இந்தச் சுருதிதான், நீ ஏறி வா” என்று எந்த மிருதங்க வித்வானும் பாடகியிடம் சொன்னதில்லை. கைப்பேசி சொல்கிறது.

நாகசுரத்திலும் இந்த மாற்றம் நடந்தது. முன்பு திமிரி என்கிற குட்டை நாகசுரம்தான் பெருவழக்கு, உச்ச சுருதியில் ஊரைக் கூட்டும். நீளமான பாரி நாகசுரத்தை எடுத்துச் சுருதியை இறக்கி அதற்குச் செல்வாக்குத் தேடிக் கொடுத்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. அதனால் அவருடைய தோடி ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

இனி என் பழைய பள்ளிக்கூடக் கதைக்கு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தேன். பாட்டு வகுப்பு மெஸ்யே ஒரு சின்ன இரும்புக் கவையைக் கொண்டுவந்து மேசையில் தட்டிக் காதருகே வைப்பார். அதன் பெயர் தியாபசோன், சுருதிக் கவை. அந்தக் கவைக்குப் பின்னால் ஓர் அரசாங்க உத்தரவு இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வாத்தியக் குழுக்கள் பளிச்சென்று கேட்க வேண்டும் என்று சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனார்கள். சுருதி சேர்க்க வைத்திருக்கும் ஸ்வரம் பாரிஸ் ஓபராவில் விநாடிக்கு 448 அதிர்வு வரை போய்விட்டது. பாடகர்கள் தொண்டை போகிறது என்று முறையிட்டார்கள். அரசு ஒரு குழு போட்டது. ரொஸ்ஸினியும் பெர்லியோஸும் அதில் உறுப்பினர்கள். 1859-இல் உத்தரவு வந்தது: இனி 435 அதிர்வுதான். தேசம் முழுக்க வாத்தியங்களைத் தொண்டைக்காக இறக்கினார்கள்! ஆயுள் முழுக்கக் கோப்பு தள்ளிய எனக்கு, ஓர் அரசாணை இவ்வளவு உருப்படியான காரியம் செய்ததில் தனி மகிழ்ச்சி. (பின்னால் உலகம் 440 என்று கொஞ்சம் ஏற்றிக்கொண்டது, அது வேறு கதை.)

அவர்களுடைய தேசிய கீதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1792-இல் ரூழே தெ லீல் என்ற படை அதிகாரி எழுதியது. 1830-இல் பெர்லியோஸ் அதைப் பெரும் பாடகர் குழுவுக்கும் பெரும் வாத்தியக் குழுவுக்கும் விரித்து அமைத்தார். 1974-இல் அதிபரான ழிஸ்கார் தெஸ்தேன் அதன் வேகத்தைக் குறைக்கச் சொன்னார். தேசிய கீதத்துக்கே இவ்வளவு தையல் வேலை நடக்கும்போது, நம்மூர் மேடையில் சினிமாப் பாட்டு ஒன்றைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் குடியா முழுகிவிடும்?

நம்மூர்ப் பாட்டே இதைத்தான் செய்துகொண்டிருந்தது. கடல் பக்கம் பெரிய வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைக் கேட்டவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். முன்பாட்டு எடுப்பவர் கரகரத்த கிழவனாக இருந்தால் பாட்டும் கீழே நிற்கும். இளந்தாரி எடுத்தால் மேலே போகும். வலை கனத்தால் ஏலேலோ நீளும், வலை லேசானால் சுருங்கும். ஓரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சிறுவர்கள் தங்கள் கீச்சுக் குரலில் ஒரு ஸ்தாயி மேலே சேர்ந்துகொள்வார்கள். யாரும் யாரையும் ‘டிராக்கோட போ’ என்று சொன்னதில்லை. படகுகளில் எஞ்சின் வந்த பிறகு அந்த வாய்ப்பாட்டு ஒடுங்கிப்போனது. இப்போது மேடையில் யாராவது அம்பா பாடினால்கூடப் பின்னால் ஒரு ரிதம் பெட்டியைத் தட்டிவிடுகிறார்கள். முன்பாட்டுக்காரர் மூச்சு வாங்க அது நிற்குமா? வலை கனத்தது அதற்கு எப்படித் தெரியும்?

இதை எழுதத் தூண்டியது தமிழ்த்தாய் வாழ்த்துதான். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை எழுதியது, எம்.எஸ். விஸ்வநாதன் மோகனத்தில் மெட்டமைத்தது. 17.12.2021 அன்று வந்த அரசாணை அதை மாநிலப் பாடலாக அறிவித்தது. பாட 55 விநாடி. நிகழ்ச்சிகளில் இசைத்தட்டைப் போடுவதைத் தவிர்த்து, பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்றும் அதில் சொல்லியிருக்கிறது. அரசாணையைக் கடைசி வரி வரை வாசிப்பது எனக்குப் பழைய வியாதி, அதனால் தெரியும். நான் போகிற விழாக்களில் நடப்பது என்ன? பெட்டியில் பெரியவர்கள் பாடுகிறார்கள், எதிரே பிள்ளைகள் உதட்டை அசைக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளையின் தொண்டை பெரியவர்களின் சுருதிக்கு எப்படி வரும்? அதனால் பாடுவதை விட்டுவிட்டு அசைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது.

காசு இல்லை என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். மெல்லிசைக் குழு வைக்க எல்லாக் குப்பத்தாலும் முடியாது. ஆனால் சுருதி மாற்றக் காசு எதற்கு? கீபோர்டில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. கைப்பேசியிலேயே இலவசச் செயலிகள் ஏற்றவும் இறக்கவும் செய்கின்றன. அரைக் கட்டை, ஒரு கட்டை நகர்த்தினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ரொம்ப இழுத்தால் வயலின் கொசு மாதிரிக் கேட்கும் என்பது உண்மை. அப்படி வந்தால் டிராக்கை அணைத்துவிட்டு ஓர் ஆர்மோனியமும் டோலக்கும் வையுங்கள். பஜனை மடத்திலும் கோயில் பாடகர் குழுவிலும் அதை வாசிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கூப்பிடத்தான் ஆளில்லை.

ஆடி வருகிறது. விழாக் குழுவில் இருக்கும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். பெயர்ப் பட்டியல் எழுதும்போது பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் பாடுகிறவரின் கட்டையையும் எழுதிக்கொள்ளுங்கள். கட்டை தெரியாதவர்களை விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் வரச் சொல்லி, டிராக் இல்லாமல் சும்மா ஒரு தடவை பாடச் சொல்லுங்கள். அவர்கள் தானாக எங்கே எடுக்கிறார்களோ அதுதான் அவர்கள் சுருதி. அதற்கு டிராக்கைக் கொண்டுவருவது ஸ்பீக்கர்காரர் வேலை. நாலு பேருக்குப் பார்க்க அரைமணி நேரம் ஆகும். கூடமாட உதவ ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், நாற்காலி ஒன்று மட்டும் போட்டு வையுங்கள், முழங்கால் ஒத்துழைப்பதில்லை.