விதை காத்தவர்க்குப் பட்டா

ஒடிசாவின் கோராபுட் மலைப்பகுதியில் அறுவடைக்கு முன்பே வயலில் இறங்கி, முற்றிய கதிர்களைப் பார்த்துப் பார்த்துக் கொய்து, உலர்த்தி, அடுத்த விதைப்புக்கு எடுத்துவைப்பவர்கள் பழங்குடிப் பெண்கள். காலாஜீரா போன்ற பாரம்பரிய நெல் ரகங்கள் பிழைத்திருப்பதில் அவர்கள் பங்கு பெரிது. இந்த வேளாண் மரபை 2012-இல் ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு அங்கீகரித்தது; நெல் விதைகளைக் காத்த கமலா பூஜாரிக்கு 2019-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

விருது ஒருவருக்கு; உழைப்போ ஊர்ப் பெண்கள் அனைவருடையது. அவர்கள் உழைக்கும் நிலத்தில் அவர்களுக்கும் உரிமை வேண்டும். மணமானவர்களின் வனநிலப் பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாக வேண்டும் என்கிறது 2006 வன உரிமைச் சட்டம். அது ஏட்டுச் சுரைக்காயாகிவிடக் கூடாது. நிலுவையிலுள்ள பட்டா மனுக்களை அரசுகள் விரைந்து முடிக்க வேண்டும். பாரம்பரிய ரகங்களுக்கு நியாயமான கொள்முதல் விலையும் வேண்டும். நிலமும் வருமானமும் உறுதியானால்தான் அடுத்த தலைமுறையும் விதையைக் கைவிடாது.