மாதம் கட்டுபவருக்கு மட்டும் ஏன் குறைந்த வட்டி?

ரிசர்வ் வங்கி 2025-இல் ரெப்போ வட்டியை 6.50 சதவீதத்திலிருந்து 5.25-க்கு இறக்கியது. வைப்புதாரர்களுக்கு வெட்டு விழும் என்பது தெரிந்ததுதான். ஆனால், அந்த வெட்டு எல்லோருக்கும் ஒரே ஆழத்தில் விழவில்லை. ஜூன் குறைப்புக்குப் பின் ஸ்டேட் வங்கியின் 444 நாள் ‘அமிர்த விருஷ்டி’ சிறப்பு வைப்புத் திட்டத்துக்கு 6.60 சதவீதம் இருந்தது. ஏறக்குறைய அதே காலத்துக்கு மாதாமாதம் கட்டும் ஆர்.டி.க்கு 6.25. அந்தச் சிறப்புத் திட்டத்தில் ஆர்.டி.க்கு இடமே கிடையாது. அஞ்சலகம் இன்னும் மோசம்: ஐந்தாண்டு டைம் டெபாசிட்டுக்கு 7.5, ஐந்தாண்டு ஆர்.டி.க்கு 6.7.

ஆர்.டி.யா, மொத்தமாகப் போடும் எஃப்.டி.யா என்று கேட்டால் உடனே ஒரு கணக்கை நீட்டுகிறார்கள். 60,000 ரூபாயை 6.7 சதவீதத்தில் ஐந்தாண்டு எஃப்.டி. போட்டால் வட்டி சுமார் 23,600 ரூபாய். மாதம் 1,000 வீதம் 60 மாதம் ஆர்.டி. கட்டினால் சுமார் 11,400 தான், ஆகவே ஆர்.டி. நஷ்டம். இதைவிடத் தவறான ஒப்பீடு இல்லை. ஆர்.டி.யில் முதல் தவணை 60 மாதம் வங்கியில் இருக்கிறது, கடைசித் தவணை ஒரே மாதம். சராசரி முப்பதரை மாதம். பாதிக் காலம், பாதி வட்டி. இதில் நஷ்டம் எங்கே வந்தது? முதல் நாளே 60,000 கையில் உள்ளவர் தாராளமாக எஃப்.டி. போடட்டும். ஒன்றாம் தேதி சம்பளத்தில் 1,000 ரூபாய் மிச்சம் பிடிப்பவருக்கு அந்தத் தேர்வே கிடையாது. அவர் ஒப்பிட வேண்டியது 2.5 சதவீதம் தரும் சேமிப்புக் கணக்கோடுதான்.

வட்டி இறங்கும் காலத்தில் ஆர்.டி.க்கு ஒரு பலமும் உண்டு. தொடங்கிய நாளின் வட்டியே கடைசித் தவணை வரை நிற்கும். மாதம் ஒரு எஃப்.டி. போட்டுக்கொண்டே போனால் ஒவ்வொன்றுக்கும் அன்றைய வட்டிதான்.

‘ஆர்.டி. பழங்காலத்து வழி, எஸ்.ஐ.பி.க்குப் போங்கள்’ என்பவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்கப் போவதில்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்தைப் பங்குச் சந்தையின் மனநிலைக்கு விட்டுவைக்க முடியாது.

வரி பிடிக்கும்போது அரசு ஆர்.டி., எஃப்.டி. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. 2015 ஜூன் முதல் ஆர்.டி. வட்டிக்கும் டி.டி.எஸ். உண்டு. வாங்கும்போது சமம், கொடுக்கும்போது மட்டும் பாகுபாடு என்றால் அது அநீதி. இந்த அநீதிதான் மாதச் சேமிப்பை நகைச்சீட்டுக்கும் ஏலச்சீட்டுக்கும் துரத்துகிறது. வங்கி வைப்புக்கு உள்ள 5 லட்ச ரூபாய் காப்பீடு அங்கே கிடையாது. சீட்டு கட்டிப் பணம் இழந்த ஒவ்வொரு குடும்பத்தின் கண்ணீரிலும் வங்கிகளுக்குப் பங்கு உண்டு.

ஒரே காலத்துக்கு ஒரே வட்டி என்று நிதி அமைச்சகமும் ரிசர்வ் வங்கியும் உத்தரவிட வேண்டும். அடுத்த வட்டிக் குறைப்புக்கு முன்பே அது வர வேண்டும்.