கும்பு பனியருவியில் காத்திருக்கும் ஆபத்து

எவரெஸ்ட் ஏற வரும் வெளிநாட்டவரிடம் வசந்த காலத்தில் வாங்கும் கட்டணத்தை நேபாள அரசு 2025 செப்டம்பரில் 11,000 டாலரிலிருந்து 15,000 டாலராக உயர்த்தியது. மலையின் தூய்மைக்கும் ஏறுவோரின் பாதுகாப்புக்கும் இந்தப் பணம் உதவும் என்பது அரசின் வாதம். முப்பது, நாற்பதாயிரம் டாலர் செலவழிக்கத் துணிந்து வருபவர் கூடுதலாக நாலாயிரம் கேட்டால் திரும்பிப் போய்விடுவாரா? கஜானா நிறையும். மலைமீது கூட்டம் குறையுமா என்பது சந்தேகமே.

அந்தக் கூட்டம் முதலில் கடக்க வேண்டிய இடத்தைப் பார்த்தால் நம் கவலை புரியும். தென்புற வழியில் அடிவார முகாம் 5,364 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டியதுமே கும்பு பனியருவி. மேலேயிருந்து இறங்கும் பனியாறு செங்குத்தான பாறைத் தளத்தில் உடைந்து, வீடு அளவும் மாடி அளவுமான பாளங்களாகச் சிதறி நிற்கிறது. நிற்கிறது என்பதும் சரியில்லை. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நேற்று பிளவின் மேல் கிடத்திய அலுமினிய ஏணி இன்று வளைந்திருக்கும், அல்லது பிளவு அகன்று ஏணி எட்டாமல் போயிருக்கும். ஒவ்வொரு பருவத்திலும் இந்த வழியைப் போட்டு, நாள்தோறும் சரிபார்க்கும் ஷெர்பாக்களுக்கு ‘ஐஸ்ஃபால் டாக்டர்கள்’ என்று பெயர். வெயில் ஏறினால் பனியின் பிடி தளரும் என்பதால் சுமைகாரர்கள் நள்ளிரவு கழிந்ததுமே நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். முள் வைத்த பூட்ஸின் பற்களை ஏணிப் படியில் பொருத்தி, இருபுறமும் கயிற்றைப் பிடித்தபடி, முதுகில் ஆக்சிஜன் சிலிண்டர்களோடு அந்தப் பிளவுகளைத் தாண்டுகிறார்கள். பணம் கட்டி வந்தவர் ஒரு பருவத்தில் இந்த இடத்தை விரல்விட்டு எண்ணும் தடவைதான் கடப்பார். அவருடைய கூடாரம், சாப்பாடு, சிலிண்டர் எல்லாவற்றையும் மேலே சேர்க்கும் ஷெர்பா அதைப்போலப் பல மடங்கு கடக்கிறார்.

2014 ஏப்ரல் 18 காலையில் எவரெஸ்டின் மேற்குத் தோளிலிருந்து ஒரு பெரும் பனிப்பாளம் இந்தப் பாதையில் விழுந்தது. 16 பேர் மாண்டார்கள். பதினாறு பேருமே நேபாளத் தொழிலாளர்கள். குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய் என்று முதலில் அரசு அறிவித்ததும் ஷெர்பாக்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தப் பருவமே கைவிடப்பட்டது. பிறகு காப்பீட்டுத் தொகை கூடியது. மறு ஆண்டு பாதையையும் தோளின் அடியிலிருந்து சற்று நடுவே தள்ளிப் போட்டார்கள். ஆனாலும் 2023 ஏப்ரலில் அதே பனியருவி மேலும் மூன்று ஷெர்பாக்களை விழுங்கியது. அந்த வசந்தத்தில்தான் நேபாளம் அதுவரை இல்லாத அளவாக 478 அனுமதிகளை வழங்கியிருந்தது. மலை முழுவதுமாகப் பார்த்தால் அந்தப் பருவத்தின் பலி பதினேழுக்குக் குறையாது.

மலை முன்பிருந்த மலையாக இல்லை என்பதுதான் இன்னும் பெரிய கவலை. ஏறக்குறைய 7,900 மீட்டரில் இருக்கும் சவுத் கோல் பனியாற்றை ஆராய்ந்து 2022-ல் வெளியான முடிவு இது: சுமார் 2,000 ஆண்டுகளில் உருவான பனி கால் நூற்றாண்டில் கரைந்திருக்கிறது, தடிமனில் 55 மீட்டர் போயிற்று. அவ்வளவு உயரத்தின் குளிரிலும் பனி எப்படிக் குறையும் என்ற கேள்வி எழலாம். மேலே மூடியிருந்த வெண்பனிப் போர்வை போய்விட்டால் அடியிலுள்ள கெட்டிப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பாமல் உறிஞ்சிக்கொள்கிறது. வறண்ட காற்று அதை நீராகக்கூட ஆகவிடாமல் நேரே ஆவியாக்கிவிடுகிறது. கீழே அடிவார முகாமோ, மெலிந்துவரும் கும்பு பனியாற்றின் மேலேயே இருக்கிறது. அதை இடம் மாற்றலாம் என்று 2022-ல் நேபாள அதிகாரிகள் பேசினார்கள். பேச்சோடு நிற்கிறது.

உச்சியில் வேறு நெருக்கடி. ஆண்டின் பெரும்பகுதி அங்கே மேல்வானின் வேகக் காற்றோட்டம் மோதிக்கொண்டிருக்கும். பருவமழை நெருங்கும் மே மாதத்தில் அது வடக்கே விலகும்போது கிடைப்பது சில நாள் அவகாசம். அனுமதி பெற்ற எல்லோரும் அந்தச் சில நாட்களில்தான் ஏறியாக வேண்டும். 8,000 மீட்டருக்கு மேல் மனித உடல் நிமிடத்துக்கு நிமிடம் தேய்கிறது; 8,848.86 மீட்டர் உச்சியில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். 2019 மே மாதத்தில் உச்சிக்குப் போகும் முகட்டில் வரிசை கட்டி நின்ற கூட்டத்தின் படம் உலகெங்கும் பரவியது. கோயில் வரிசையிலாவது உட்காரத் திண்ணை உண்டு. இங்கே வரிசையில் நின்றால் சிலிண்டர் தீர்ந்துகொண்டிருக்கும்.

ஏறுவோரோடு முடிகிற விவகாரமும் அல்ல இது. 2024 ஆகஸ்ட் 16 அன்று எவரெஸ்ட் பகுதியிலுள்ள தாமே கிராமத்துக்கு மேலே பனியேரி உடைந்து வெள்ளம் பாய்ந்தது. டென்சிங் நோர்கே சிறுவயதில் வாழ்ந்த ஊர் அது. பள்ளி, மருத்துவ நிலையம், வீடுகள் எல்லாம் போயின. பகல் நேரமாக இருந்ததால் உயிர்கள் தப்பின. எவரெஸ்டின் தென்சரிவுகளில் உருகும் நீர் தூத் கோசி வழியே கோசியில் சேர்ந்து பீகாருக்குள் இறங்குகிறது என்பதை டெல்லியும் நினைவில் வைத்தால் நல்லது.

அனுமதிகளுக்கு வரம்பு வேண்டும் என்று நேபாள உச்ச நீதிமன்றம் 2024-லேயே உத்தரவிட்டுவிட்டது. வரம்பு எவ்வளவு என்பதைத்தான் அரசு இன்னும் சொல்லவில்லை. 7,000 மீட்டர் சிகரம் ஒன்றை ஏறியவருக்கே எவரெஸ்ட் அனுமதி என்ற சட்ட வரைவு 2025-ல் வந்தது; நல்ல யோசனை, ஆனால் தகுதியுள்ளவர்கள் ஆயிரம் பேர் வந்தாலும் நெரிசல் நெரிசல்தான். எனவே எண்ணிக்கைக்கே உச்சவரம்பு வேண்டும். அதோடு சுமையையும் குறைக்க வேண்டும். 2024 ஏப்ரலில் நடந்த சோதனையில் ஒரு ட்ரோன் அடிவார முகாமிலிருந்து பனியருவிக்கு மேலேயுள்ள முதல் முகாமுக்குச் சுமையை எடுத்துச் சென்று காட்டியது. ட்ரோன் தூக்கும் ஒவ்வொரு கிலோவும் ஒரு ஷெர்பாவின் முதுகிலிருந்து இறங்கும் கிலோ. கூடாரமும் ஏணியும் சிலிண்டரும் இனி அப்படித்தான் போக வேண்டும் என்பதை அனுமதிச் சீட்டிலேயே நிபந்தனையாக எழுதலாம்; அதன் செலவுக்குக் கூடுதலாக வரும் 4,000 டாலரே போதும். அடுத்த வசந்தத்துக்கான பாதையை ஐஸ்ஃபால் டாக்டர்கள் போடத் தொடங்குவதற்குள் காத்மாண்டு அந்த உச்சவரம்பு எண்ணை அறிவித்தாக வேண்டும்.