ஒயின்ஷாப்பில் கிடைக்காத ஒயின்

போன சனிக்கிழமை சயான் வீட்டில் நடந்த கூத்து இது. இத்தாலி போய்வந்த ஆபீஸ் நண்பர் ஒரு பாட்டில் கியாந்தி கிளாசிகோ கொடுத்திருந்தார். கழுத்தில் கறுப்புச் சேவல் முத்திரை. பக்கத்து ஃபிளாட் திருநெல்வேலிக்காரரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். பாட்டிலைப் பார்த்ததும் மனுஷர் எழுந்துபோய் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அப்புறம், "அண்ணாச்சி, சோடா இருக்கா?"

ஐஸும் சோடாவும் ஊற்றி மூன்றே மடக்கு. "என்ன அண்ணாச்சி, துவர்த்துக் கெடக்கு. கிக்கே இல்லையே!"

கோபம் வந்தது. அவர் மேல் மட்டும் இல்லை, நம் எல்லார் மேலும்தான். நம் ஊரில் 'ஒயின்ஷாப்' என்று பெயர் வைத்துக்கொண்டு விற்றது பிராந்தியும் ரம்மும். 2003-ல் சில்லறை வியாபாரம் டாஸ்மாக் கைக்குப் போன பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டே வந்தது. மும்பையிலும் தெருவுக்குத் தெரு 'ஒயின்ஸ்' என்று போர்டு, வாங்குவது விஸ்கி. ஒயின் என்றால் கலர் தண்ணி போட்ட சாராயம் என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்கள்?

நாக்கு இல்லாத ஜனமா நாம்? இதே நண்பர் மாட்டுங்காவில் காப்பிப்பொடி வாங்கும்போது பார்க்க வேண்டும். பீபெர்ரி எவ்வளவு, பிளாண்டேஷன் ஏ எவ்வளவு, சிக்கரி எத்தனை கிராம் என்று கடைக்காரரின் உயிரை எடுப்பார். இரண்டாம் டிகாக்‌ஷனை மூக்காலேயே பிடித்துவிடுவார். அந்த மூக்கை ஒயின் கிளாஸுக்குள் விட்டால் என்ன?

அவர் குறை சொன்ன துவர்ப்பு நம் அறுசுவையில் ஒன்று. நெல்லிக்காய், நாவற்பழம், வாழைப்பூ எல்லாம் எதற்குச் சாப்பிடுகிறோம்? திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின்தான் ஒயினில் அந்தத் துவர்ப்பைத் தருகிறது. சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிடுவதால் இனிப்பு இருக்காது; டிரை ஒயின் என்பது இதுதான். கியாந்தி கிளாசிகோவில் குறைந்தது 80 சதவீதம் சாஞ்சியோவேஸே திராட்சை இருக்க வேண்டும் என்பது சட்டம். அதன் குணமே புளிப்பும் துவர்ப்பும். ஐஸ் போட்டால் வாசனை அமுங்கி துவர்ப்பு மட்டும் தூக்கும். அதற்காக மும்பை உஷ்ணத்தில் அப்படியே குடிக்கவும் முடியாது. 16-18 டிகிரி போதும், ஃபிரிட்ஜில் அரைமணி வைத்து எடுத்தால் சரி.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. விலைச் சீட்டைக் கிழிக்காமல் மேஜையில் வைப்பவர்கள். பேங்க்காரன் சொல்கிறேன், பல வருடங்களாக இறக்குமதி ஒயினுக்குச் சுங்கவரியே 150 சதவீதமாக இருந்தது. அவர்கள் பெருமையாகக் குடித்ததில் பாதிக்கு மேல் வரி! சோலாப்பூர் மாவட்டம் அக்லுஜில் ஃபிராட்டெல்லி தோட்டத்தில் இதே சாஞ்சியோவேஸேயை வளர்க்கிறார்கள், டஸ்கனிக்காரர் பியெரோ மாசியின் பக்குவத்தில் ஒயினும் செய்கிறார்கள். அதைப் பற்றி இவர்கள் வாயே திறப்பதில்லை. லோக்கலாம்!

"ஹார்ட்டுக்கு நல்லது சார்" கோஷ்டியும் தயவுசெய்து வாயை மூடவும். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-லேயே சொல்லியாயிற்று. ருசிக்காகக் குடிக்கிறேன் என்று ஒப்புக்கொள்ள என்ன வெட்கம்? (என்னிடம் பர்மிட் இருக்கிறது, சந்தேகப்பட வேண்டாம்.)

என் சித்தப்பா குடித்தே செத்தார். நாற்பத்தாறு வயசு. எப்போதும் மொட்டைமாடியில், கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, யாராவது வருவதற்குள் அவசர அவசரமாக. எனக்கு இப்போது அதே வயசு. ஹாலில் பன்னிரண்டாவது படிக்கும் என் பையன் அன்று நடந்ததை எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

எழுந்துபோய் அந்தக் கதவைத் திறந்தேன். மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றினேன். முகர்ந்தாள். ஒரு வாய் வைத்து, கொஞ்ச நேரம் நாக்கிலேயே வைத்திருந்தாள்.

"நாவப்பழக் கொட்டையைத் தெரியாம கடிச்சுட்ட மாதிரி இருக்கு. ஆனா அப்புறம் நல்லாருக்கு."

நண்பர் தன் கிளாஸைக் கழுவிக்கொண்டு வந்து நீட்டினார். சோடா கேட்கவில்லை.